கிரீடம் வைத்த பிறகு

அன்புள்ள செல்வம்,

நலம். முழங்கால் வலிதான் என்னை விட்டுப் போக மனமில்லாமல் இருக்கிறது. அதையும் இழுத்துக்கொண்டு இந்தப் புரட்டாசியில் குலசை தசராவுக்கு, அதுதான் நம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் திருவிழாவுக்கு, போய்வந்தேன். 36 படம் எடுக்கும் ஒரே ஒரு பிலிம் ரோலை வைத்துக்கொண்டு நாம் போனோமே, அதற்கப்புறம் இப்போதுதான்.

ஜனக்கூட்டம் அன்றைக்கும் இருந்தது. காமிராக் கூட்டம்தான் புதுசு. ஒரு காளி வேஷம் நடந்து வந்தால், முன்னால் ஏழெட்டுப் பேர் பின்பக்கமாகவே நடக்கிறார்கள். "இன்னொரு தடவ ஆடுங்க" என்கிறான் ஒரு பையன். விரதமிருந்து, காப்புக் கட்டி, ஊர் ஊராகத் தர்மம் எடுத்து, சேர்ந்த காசை முத்தாரம்மனுக்குச் செலுத்த வந்திருக்கிற மனுஷர் அவர். எனக்குக் கோபம் வந்தது. நானும் அதே இடத்தில் காமிராவோடுதான் நிற்கிறேன் என்பதும் கூடவே உறைத்தது.

ஒரு கூத்து கேள். ஓரமாக நின்ற போலீஸ்காரரிடம், "கடற்கரைக்கு எந்தப் பக்கம் சார்?" என்றேன். அவர் உண்டியலை நீட்டினார்! அவரும் வேஷம்தான். பத்து ரூபாய் போட்ட பிறகுதான் வழி சொன்னார். 2024இல் இந்த ஊரில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள் அல்லவா? அடுத்த வருஷம் யாராவது விஞ்ஞானி வேஷம் கட்டி வந்தாலும் ஆச்சரியமில்லை.

நீ கேட்பாய் என்று சொல்கிறேன்: 35 எம்எம் லென்ஸ் ஒன்றுதான் கொண்டுபோனேன். காளியின் கறுப்பு முகத்தைப் பார்த்ததும் காமிரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. முகம் சாம்பல் பூத்து, கிரீடத்து ஜிகினா வெள்ளையாக வெளிறிப்போகிறது. எக்ஸ்போஷரை மைனஸ் 1இல் வைத்த பிறகுதான் கறுப்பு கறுப்பாக வந்தது. நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். இருட்டிலும் படம் விழட்டும் என்று ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றியும் எனக்குக் கிடைத்தது முன்னால் நின்றவர்களின் செல்போன்கள்தான்.

அன்று மத்தியானம் ஒரு வேப்பமர நிழலில், கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு காளி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் பத்து வயசுப் பெண் துண்டால் விசிறிக்கொண்டிருந்தாள். எப்பேர்ப்பட்ட படம்! காமிராவைத் தூக்கினேன்.

"மாமா, இப்ப வேண்டாம். அப்பா கிரீடம் வெச்ச பொறவு எடுங்க" என்றாள்.

இறக்கிவிட்டேன். கை சொன்னபடி கேட்காமல் ஒரு தடவை மறுபடி உயர்ந்தது என்பதையும் உன்னிடம் மறைப்பானேன்.

சாயங்காலம் அந்தப் பிள்ளையே என்னைத் தேடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூன்றே படம் எடுத்தேன். மூன்றாவதில், கிரீடம் சரியாமல் அவள் எக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஊர் உடன்குடிப் பக்கமாம். "படம் தருவீங்களா, இல்ல எல்லாரையும் மாதிரி சும்மா சொல்லுதீங்களா?" என்று அவள் கேட்டபோது எனக்கு நம் ரோல் ஞாபகம் வந்துவிட்டது.

அந்தக் குறத்தி வேஷக்காரர், நமக்குச் சுக்குக்காப்பி வாங்கித் தந்தாரே? கழுவிப் பிரிண்ட் போட்டதும் அனுப்புவதாகச் சொல்லி, விலாசத்தை உன் சிகரெட் அட்டையில்தானே எழுதினோம்? அனுப்பவே இல்லை.

பிள்ளையின் படத்தை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். நெகட்டிவ் கவர்களெல்லாம் உன் அம்மாவின் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். அந்த அட்டையும் அதற்குள்ளேயே கிடந்தாலும் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தேடிப்பார்.

அன்புடன்,
பாண்டி