குறட்டை நிற்கும் நேரம்

பிராம்ப்டன், கனடா
தை 22

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீ, மாமா, பாப்பா, அம்மா, அப்பா அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மேட்டுக்கொட்டாய்ப் பெரியப்பா பேரன் கொண்டுவந்து கொடுத்த பையில், ராகி மாவுக்கும் கொள்ளுக்கும் நடுவில் நீ மடித்து வைத்திருந்த கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன். தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபித்துக்கொண்டது நியாயம்தான். வேலை என்றும் குளிர் என்றும் காரணம் சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு மாதம் கடத்தியிருப்பேன். அப்பாவைப் பற்றி நீ எழுதியிருந்த பத்து வரிகள்தான் என்னை இன்றைக்கே உட்கார வைத்தன. போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே இருப்பார். ஆகையால், அவர் தக்காளி மண்டிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

ராகி மாவு வந்த அன்றே களி கிண்டினேன். இங்கே துடுப்புக்கு எங்கே போவது? மரக் கரண்டியால் கிண்டப்போய், பாதியில் அது முறிந்து பிடி மட்டும் கையில் வந்துவிட்டது. மீதியைச் சப்பாத்திக் கட்டையால் கிண்டி முடித்தேன். ஆங்காங்கே மாவு கட்டி தட்டியிருந்தாலும், கொள்ளுச் சாற்றை ஊற்றி மூன்று உருண்டை சாப்பிட்டேன். வெளியே குளிர் மைனஸ் 18 டிகிரி. நான் இருப்பது வீட்டின் அடித்தளம் என்றாலும் எல்லா வசதியும் இருக்கிறது. ஜன்னல்கூட ஒன்று இருக்கிறது, இப்போது அதைப் பனி மூடியிருப்பதால் வெளிச்சம் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

மேலே குடியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன் அல்லவா, போர்ச்சுகலிலிருந்து வந்தவர், பனி பெய்தால் படியெல்லாம் உப்பைத் தூவிக்கொண்டே இருப்பாரே, அவர்தான். இந்த ஊர் வீடுகளில் ஒரே அடுப்பிலிருந்து சூடான காற்றைத் தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்புகிறார்கள். என் அறைக்கும் பாட்டி படுக்கும் அறைக்கும் ஒரே குழாய். மேலே அவர் இருமினால் எனக்குக் கேட்கும். நான் விடும் குறட்டை அவருக்குக் கேட்கும். மார்கழியில் ஒருநாள் காலை உப்பு வாளியுடன் என்னை வழிமறித்து, தமக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில், "நீ ராத்திரியெல்லாம் செத்துச் செத்துப் பிழைக்கிறாய்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. என் குறட்டை திடீரென்று நின்றவுடன் அவர் ஜெபமாலையைக் கையில் எடுத்து ஒரு மந்திரத்தைத் தொடங்குவாராம். அது முடியும் நேரத்தில் நான் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவன் போல 'ஹக்' என்று மூச்சை இழுப்பேனாம். முந்தைய இரவு இரண்டு மந்திரம் சொல்லி முடித்தும் சத்தம் வராததால் கீழே இறங்கி வரப் பார்த்தாராம். அவருடைய கணவருக்கும் இப்படித்தான் இருந்ததாம்.

அக்கா, அவர் சொன்ன பிறகுதான் கடந்த ஒன்றரை வருடமாக எனக்கு நடந்துகொண்டிருந்தவை எல்லாம் ஒரே நூலில் கோத்தது போல வந்து நின்றன. காலையில் எழுந்ததும் நெற்றியில் பாறாங்கல்லை வைத்தது போல ஒரு வலி இருக்கும், குளித்து முடிப்பதற்குள் போய்விடும். குளிரால் என்று நினைத்தேன். வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடான காற்றால் என்று நினைத்தேன். இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவேன். அதையும் குளிரின் கணக்கில்தான் எழுதினேன். எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தாலும் எழும்போது இரவெல்லாம் கரும்பு வெட்டியவன் போல உடம்பு இருக்கும். பேருந்தில் உட்கார்ந்தால் போதும், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிடுவேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருந்ததால், எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

மருத்துவரிடம் போனேன். இதற்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர், உறக்கத்தில் மூச்சு தடைபடுவது. தூங்கும்போது உடம்பின் தசைகள் தளர்கின்றன. தொண்டையும் நாக்கின் அடிப்பகுதியும் அளவுக்கு மீறித் தளர்ந்தால் காற்றுப் போகும் வழி அடைபட்டுவிடுகிறது. மோட்டார் உறிஞ்சும் பக்கத்தில் மெல்லிய ஓஸ் குழாயைப் போட்டால் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும் என்று அப்பா திட்டுவாரே, அதே கதைதான். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிடுகிறது, மூச்சு திரும்புகிறது, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. பத்து வினாடிக்கு மேல் நின்றால் அது ஒரு கணக்கு. இப்படிப்பட்ட தடைகள் மணிக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் நோய் என்றும், முப்பதுக்கு மேல் போனால் கடுமையானது என்றும் வைத்திருக்கிறார்கள். இத்தனை முறை எழுந்தது தூங்குகிறவனுக்குக் காலையில் நினைவிருக்காது என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. "பக்கத்தில் படுக்கிறவர்கள் யாராவது எதையாவது கவனித்தார்களா?" என்று மருத்துவர் கேட்டார். வீட்டுக்காரப் பாட்டி என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்ததும், தகரக் குழாயைப் பற்றி விளக்க வேண்டியதாயிற்று.

எனக்கு இது உறுதியாகிவிட்டது என்று அம்மா அழத் தொடங்க வேண்டாம். மாசியில் ஓர் இரவு அவர்களுடைய இடத்தில் படுக்க வைத்து, தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டிப் பார்த்த பிறகுதான் சொல்வார்கள். பரிசோதனைக்குச் செலவில்லை, தூங்கும்போது மூச்சுவழி அடைபடாமல் காற்றைச் செலுத்தும் கருவி தேவைப்பட்டால் நிர்ணயித்த விலையில் 75 சதவீதத்தை மாகாண அரசே கொடுக்கிறது. அதுவரை கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். நேரம் குறைவு, நல்ல ஓய்வு.

இனி அப்பாவின் விஷயம். நீ எழுதியிருந்ததை வரிசையாகப் படித்தபோது, மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு நீ அங்கிருந்து பதில் எழுதி அனுப்பியது போல இருந்தது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருவதற்குள் தூங்கிவிட்டார் என்று சிரிப்பாக எழுதியிருக்கிறாய். இரவில் நான்கு முறை எழுகிறார், சர்க்கரை என்று பயந்து பார்த்தால் சர்க்கரை இல்லை என்கிறாய். மூச்சு அடைபடும்போது இதயம் இழுபட்டு, சிறுநீரைக் கூட்டும் ஒரு ஹார்மோன் சுரக்கிறதாம். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வருகிற தன்னார்வலர் அம்மா இரண்டு வகை மாத்திரை கொடுத்தும் இரத்த அழுத்தம் இறங்கவில்லை என்கிறாய். (நம் பக்கத்துச் சாமனப்பள்ளியில் 2021-இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது, வீட்டுக்கே வந்து என்ன பார்த்துவிடப் போகிறார்கள் என்று கேலி பேசியவன் நான்தான்.) மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தமும் இந்த நோயின் ஓர் அடையாளம். தூக்கத்தில் திணறி எழுவதை அமுக்குவான் பேய் என்று நினைத்து அம்மா கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறாள். கயிறு இருக்கட்டும், அவிழ்க்க வேண்டாம்.

தொப்பூரில் நடந்ததைத்தான் என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. இரட்டைப் பாலத்துக்கு முந்தைய இறக்கத்தில் குட்டியானை வண்டி தடுப்புச் சுவரை உரசி, பக்கக் கண்ணாடி போய்விட்டது, கண்ணில் தூசி விழுந்ததாக அப்பா சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். விடியற்காலை நான்கு மணிக்கு, ஜன்னலை ஏற்றிவிட்டு ஓட்டுகிறவர் கண்ணில் என்ன தூசி விழும்? முப்பது வருடமாக அந்தக் கணவாயில் இறங்குகிறவர், சுமையோடு லாரிகள் அங்கே பிரேக் பிடிக்காமல் போவதை நம்மைவிட அதிகம் பார்த்தவர். அவர் கண்ணயர்ந்திருக்கிறார். அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளிகளிடம் கேட்பதற்காக, டொராண்டோவில் ஃபிரான்சஸ் சங் என்ற மயக்க மருந்து மருத்துவர் 2008-இல் ஓர் எளிய கேள்வித்தாளைத் தயாரித்தார். பலத்த குறட்டை, பகலில் அசதி, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, இரத்த அழுத்தம், அதிக உடல் பருமன், ஐம்பதைக் கடந்த வயது, கழுத்தின் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆண் என்று மொத்தம் எட்டு. ஐந்துக்கு ஆம் என்றாலே ஆபத்து அதிகம். எனக்கு ஐந்து. அப்பாவுக்குக் கழுத்தை அளக்காமலேயே ஆறு வருகிறது. அவர் ஒல்லியான ஆளாயிற்றே என்று மாமா கேட்பார். தாடை சிறியதாகவோ உள்வாங்கியோ இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வரும், அதிலும் ஆசியர்களிடம் இதை அதிகம் காண்கிறோம் என்றார் மருத்துவர்.

நீ செய்ய வேண்டியது இதுதான். காதுகுத்துக்குத் தம்பி சட்டை அனுப்புகிறான், கழுத்தளவு கேட்கிறான் என்று சொல்லி, டேப்பை வைத்துச் சரியாக அளந்து எழுது. இரண்டு மூன்று இரவுகள் அவர் தலைமாட்டில் போனை வைத்துச் சத்தத்தைப் பதிவு செய். இரண்டு மணிக்கு மேல் நீயோ அம்மாவோ சற்று நேரம் விழித்திருந்து பாருங்கள்: சத்தம் நின்றிருக்கும்போதும் நெஞ்சும் வயிறும் காற்றுக்காக எக்கிக்கொண்டிருந்தால், அந்த இடைவெளியை எண்ணி எழுதி வையுங்கள். மல்லாந்து படுத்தால் அதிகமாகிறதா, ஒருக்களித்தால் குறைகிறதா என்றும் பாருங்கள். பதிவை எடுத்துக்கொண்டு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டு. அங்கிருந்து எங்கே அனுப்பினாலும் அழைத்துப் போ. தூக்கம் சரியில்லை என்று கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதே, அது தொண்டையை இன்னும் தளர்த்தும். மாமனோடு சேர்ந்து இரவில் குடிப்பதும் அப்படித்தான், அதை அம்மா பார்த்துக்கொள்வாள்.

கோடையில் மொட்டை மாடியில் நாம் நால்வரும் வரிசையாகப் படுத்திருந்தபோது, யானை வந்துவிடுமோ என்று எனக்கு இரவெல்லாம் பயமாக இருக்கும். அப்பாவின் குறட்டை தொடங்கினால்தான் அந்தப் பயம் போகும். இந்தச் சத்தத்துக்கு எந்த யானையும் கிட்டே வராது என்று நீதான் சொன்னாய். குறட்டை இடையில் நிற்கும்போது நான் கண்ணைத் திறந்து காத்திருப்பேன். திரும்ப வந்தபின் தூங்குவேன். பத்து வயதில் நான் எண்ணிக்கொண்டு கிடந்தது எதை என்று இப்போதுதான் தெரிகிறது. இங்கே இரவில் குழாயில் காற்று வருகிற சத்தம் மட்டும் கேட்கும். அது நிற்கும்போது இப்போதும் விழித்துக்கொள்கிறேன்.

சரி, காதுகுத்து. பாப்பா என் மடியில்தான் உட்கார வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். விடுப்பு கிடைக்காது போலிருக்கிறது, டிக்கெட்டும் இந்த நேரத்தில் தாறுமாறாக இருக்கிறது. சித்தப்பா மகனும் அவளுக்குத் தாய்மாமன்தான், அவன் மடியில் உட்கார வைத்துவிடு. தோடு நான் போடுவதாகச் சொன்னது சொன்னதுதான், சித்திரைக்குள் அனுப்பிவிடுகிறேன். இந்த மாதப் பணம் சற்றுக் குறைந்திருக்கும், குளிர்காலத்தில் கிடங்கில் சரக்கு குறைவு, வேறு ஒன்றுமில்லை. அதை முதலில் வண்டித் தவணைக்குக் கட்டிவிடு. பரிசோதனை முடிகிறவரை சேலம் நடைக்குச் சித்தப்பா மகனையே ஓட்டச் சொல். அப்பா மண்டியில் பெட்டி ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்ளட்டும். அவனுக்கு நடைக்கு எவ்வளவு கொடுப்பது என்று மாமாவைப் பேசி முடிக்கச் சொல்.

குறட்டை தாங்கமுடியாமல் ஐப்பசியிலிருந்து அம்மா உள்ளறைக்குப் பாயை மாற்றிக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். அந்தப் பாயைத் திரும்பவும் அப்பாவுக்குப் பக்கத்தில் போடச் சொல், அக்கா. கழுத்தளவை மறக்காமல் எழுது.

அன்புத் தம்பி