சித்தப்பாவின் தலைச்சாய்வு குறித்து அப்பாவுக்கு

எடின்பரோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். வீட்டில் அனைவரின் நலமறிய ஆவல். இங்கே டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. நம் நீலகிரிக் கேத்தியின் உறைபனியில் வளர்ந்த எனக்குக் குளிர் பெரிதாகத் தெரியவில்லை. பகல் இவ்வளவு சுருங்குவதுதான் இன்னும் பழகவில்லை. விடியுமுன் மருத்துவமனைக்குப் போய், இருட்டிய பிறகே அறைக்குத் திரும்புகிறேன்.

பைக்கிலிருந்து விழுந்த நாள்முதல் சித்தப்பா தலையை இடப்பக்கம் சாய்த்தே நடக்கிறார், கேரட் தோட்டத்துப் படிகளில் இறங்கும்போது ஒரு படி மேலும் கீழுமாக இரண்டாகத் தெரிகிறது என்கிறார், கழுத்துப் பிடிப்பென்று தைலம் தேய்க்கிறோம் என எழுதியிருந்தீர்கள். எனக்கு இது கழுத்துக் கோளாறாகத் தோன்றவில்லை. மூளையிலிருந்து நேரே புறப்படும் மண்டை நரம்புகளில், வலக்கண்ணுக்குச் செல்லும் நான்காவது நரம்பு அடிபட்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

தம் உடலைக் கல்விக்கென எழுதிவைத்துச் சென்ற பெரியவர்களின் கருணையால், இந்த நரம்பைத்தான் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் கீழ் பயின்றுவருகிறேன். 12 இணை மண்டை நரம்புகளில், மூளைத்தண்டின் பின்புறத்திலிருந்து வெளிவருவது இது ஒன்றே. அங்கேயே எதிர்ப்பக்கம் கடந்து, மூளைத்தண்டின் மேற்பகுதியான நடுமூளையைச் சுற்றி முன்னே வந்து, இரண்டு தமனிகளுக்கு இடையே புகுந்து, பெருமூளையையும் சிறுமூளையையும் பிரிக்கும் டென்டோரியம் என்னும் தடித்த சவ்வின் விளிம்பை ஒட்டி ஓடிக் கண்குழியை அடைகிறது. தையல் நூலின் பருமன்தான். ஆயினும் மண்டைக்குள் இவ்வளவு தொலைவு ஓடும் நரம்பு வேறில்லை. மூளையில் வளர்ந்த கட்டியை அகற்ற அந்தச் சவ்வை வெட்டும் மருத்துவர், நரம்பு சவ்வுக்குள் நுழையும் இடத்தை முதலில் கண்டுகொண்டு, அதற்குப் பின்னால்தான் கத்தியை வைக்க வேண்டும். தலை அதிரும்போது நரம்பு மோதுவதும் இதே கெட்டி விளிம்பில்தான். எலும்பு முறியாத அடியிலும்கூட இது செயலிழப்பது அதனால்தான்.

மூக்குப் பக்கம் திரும்பிய கண்ணைக் கீழே இறக்கும் தசையை இந்த நரம்பே இயக்குகிறது. படி இறங்கவும் செய்தித்தாள் படிக்கவும் அந்த அசைவு வேண்டும். பாதித்த கண்ணுக்கு எதிர்ப்பக்கமாகத் தலையைச் சாய்த்தால் இரண்டு உருவங்களும் ஒன்றுசேர்வதால் சித்தப்பா தம்மை அறியாமலே சாய்த்துக்கொள்கிறார். நிமிர்ந்து நடக்கும்படி யாரும் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

ஒரு கண்ணை மூடினால் இரட்டைத் தோற்றம் மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால் கோவைக்கு அழைத்துச் சென்று கண் மருத்துவரிடமும் நரம்பியல் மருத்துவரிடமும் காட்டுங்கள். பலருக்குச் சில மாதங்களில் தானாகவே தேறிவிடும் என்பதால், அதுவரை இரண்டு உருவங்களையும் ஒன்றுசேர்க்கும் பட்டகக் கண்ணாடி கொடுத்துப் பொறுத்துப் பார்ப்பார்கள். தேறாவிட்டாலும் அறுவை செய்வது கண்ணின் தசையில்தான், மூளையில் அன்று என்று சித்தியிடம் சொல்லுங்கள். இமை சரிந்தாலோ கடுந்தலைவலி வந்தாலோ ஒரு நாளும் காத்திராதீர்கள். இந்த நாட்டில் இரட்டைப் பார்வை கட்டுக்குள் வரும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்பது விதி. பைக் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறவியிலேயே இந்த நரம்பு பலவீனமாக இருந்து நடுவயதில் வெளிப்படுவதும் உண்டு. ஆகவே சித்தப்பாவின் கல்யாண ஆல்பத்தையும் பள்ளிக்கூடப் படத்தையும் உடன் கொண்டுபோங்கள். அவற்றிலும் தலை சாய்ந்திருந்தால் மருத்துவரிடம் மறவாமல் காட்டுங்கள்.

தங்கள் அன்பு மகள்