வரி நடுவே ஹைபன் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஏரிகள் பற்றிய கட்டுரையை உங்கள் இணையதளத்தில், போனில் படித்தேன். விஷயத்தில் குறையில்லை. ஆனால் 'நீர்ப்பிடிப்-புப் பகுதி', 'மாநக-ராட்சி', 'ஆக்கிரமிக்-கப்பட்ட' என்று வரிக்கு நடுவே கோடு கோடாக வந்து கண்ணை உறுத்தியது. என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அச்சுப் பத்தியின் ஓரத்தில் சொல்லை உடைக்க லே-அவுட்டில் கையால் போட்ட ஹைபன், அப்படியே இணையத்திலும் ஏறிவிட்டது.

இதற்கென்றே சாஃப்ட் ஹைபன் என்று ஒரு குறி இருக்கிறது. எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் அதன் எண் 173. சொல் வரிக்குள் அடங்கினால் அது கண்ணுக்கே தெரியாது. அடங்காவிட்டால் அந்த இடத்தில் சொல் உடைந்து, வரி ஓரத்தில் மட்டும் கோடு தெரியும். புதிய சங்கதியும் இல்லை, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லுக்கு 1997இல் வந்த எச்டிஎம்எல் 4 விதிகளிலேயே விளக்கம் இருக்கிறது. (ஃபயர்பாக்ஸ் உலாவி அதை மதிக்க 2008 ஆனது என்பது வேறு கதை.)

தமிழுக்கு இது ரொம்பவே தேவை. 'கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது' என்ற ஒரே சொல் போன் திரையில் முக்கால் வரியை அடைத்துக்கொள்கிறது. அது கீழே இறங்கினால் மேல் வரி பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் கண்ட இடத்தில் குறியை வைக்கவும் கூடாது. புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது ப்ரூஃப் பார்ப்பவர்களுக்குத் தெரியாததல்ல: 'புத்' என்று நிறுத்தி அடுத்த வரியில் 'தகம்' போடலாம், 'பு' என்று நிறுத்தி 'த்தகம்' போட முடியாது. இதற்கு ஆள் உட்கார வேண்டியதில்லை. டெக் அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக எழுதிய தமிழ்ச் சொற்பிரிப்பு விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

வரி ஓரத்தில்கூடக் கோடு வேண்டாம் என்பது என் கட்சி. கோடு போடாமலே சொல்லை உடைப்பது தமிழ்ப் புத்தகங்களில் பழைய வழக்கம்தான். அந்தக் கோட்டை மறைக்க, இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி எழுதினால் போதும்.

அப்புறம், தேடல். உங்கள் தளத்தின் தேடல் பெட்டியில் 'நீர்ப்பிடிப்பு' என்று போட்டால் மேற்படி கட்டுரை வருவதில்லை. அந்தச் சொல் அதில் வருவதே ஒரு இடத்தில், அங்கும் நடுவே கோடு. சாஃப்ட் ஹைபனுக்கு மாறினாலும் கவனம் தேவை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது எழுத்துகளுக்கு நடுவே இருக்கத்தான் செய்யும். தேடும்போது அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று எச்டிஎம்எல் 4 விதியே சொல்கிறது. ஆகவே தேடலுக்கான பிரதியில் அதை நீக்கிவிடச் சொல்லுங்கள்.

பழைய கட்டுரைகளையும் சுத்தம் செய்தால் நல்லது. ஒரே அடியாக எல்லா ஹைபனையும் எடுத்துவிட வேண்டாம். 'சென்னை-பெங்களூரு' ஒட்டிக்கொள்ளும், '2015-16' ஆறு இலக்க எண்ணாகிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.