எல்லாச் சமயமும் ஒன்றையேதான் சொல்கிறதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தியச் சமயங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பகுதியை என் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். சேலத்தில் வரலாறு சொல்லித்தருகிற எனக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் நாலு வரி போதனையை வைத்து, கடைசியில் எல்லா மதங்களும் ஒன்றையேதான் சொல்கின்றன என்று முடித்திருக்கிறீர்கள். நல்ல மனதோடு எழுதியதுதான். இருந்தாலும் அதைக் கேட்டதும் பிள்ளைகள், "ஒன்றுதானே டீச்சர், அப்புறம் எதற்கு இத்தனை பாடம்?" என்று கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பெரியேரியில், கோட்டை சாலையில் இருக்கும் தலைவெட்டி முனியப்பன் கோயிலைச் சேலத்துக்காரர்கள் அறிவார்கள். அங்கே முனியப்பனாக வணங்கப்படுவது உண்மையில் புத்தர் சிலை என்று சொல்லி வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி தொல்லியல் துறையினர் சிலையை ஆராய்ந்தார்கள். தாமரைப் பீடம், மடித்த கால்கள், மடியில் தியான முத்திரையில் கைகள், நீண்ட காதுகள் என்று புத்தருக்குரிய அடையாளங்கள் தெரிந்தன. துண்டாகிக் கிடந்த தலையைப் பிற்காலத்தில் யாரோ சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். 2022இல் நீதிமன்றம் அதைப் புத்தர் சிலை என்றே ஏற்றது. தொல்லியல் துறை அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், ஆனால் பூஜை கூடாது என்று உத்தரவிட்டது.

எல்லாச் சமயமும் ஒன்று என்றால் இந்த வழக்குக்கே இடமில்லை. முனியப்பனிடம் போகிறவர் குடும்பத்தைக் காப்பாற்று என்று வேண்டுகிறார், நினைத்தது நடந்தால் நேர்த்திக்கடன் செலுத்துகிறார். அங்கே இருப்பது காவல் காக்கிற, கோபமும் இரக்கமும் உள்ள சாமி. புத்தர் சொன்னதோ வேறு. துக்கம் இருக்கிறது, அதற்குக் காரணம் ஆசை, ஆசை ஒழிந்தால் துக்கம் ஒழியும், அதற்கு எட்டு அங்கமுள்ள ஒரு வழி உண்டு. அந்த வழியில் நடக்க வேண்டியது நாம்தான். வரம் கொடுப்பதாக அவர் எங்கும் சொல்லவில்லை. ஒரே கல்லின் முன்னால் நின்று மனிதர்கள் கேட்கிற கேள்வியே மாறிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே போய்வந்தவர்களின் பக்தியை நான் குறைவாக நினைக்கவில்லை. இரண்டையும் மதிக்கிறேன். அதனால்தான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்கிறேன்.

பௌத்தத்தையும் சமணத்தையும் நீங்கள் அகிம்சை என்ற ஒரே தலைப்பில் அடக்கியதும் இப்படித்தான். ஒவ்வொரு உயிருக்கும் அழியாத ஆன்மா உண்டு, வினை அதில் படிந்து அதைக் கட்டிப்போடுகிறது என்பது சமணம். அப்படி நிலையான ஆன்மா எதுவும் இல்லை என்பது பௌத்தம். இதைவிடப் பெரிய வேறுபாடு என்ன வேண்டும்? சேலம் கடைவீதிகளில் ராஜஸ்தானத்திலிருந்து வந்த சமணக் குடும்பங்கள் இருக்கின்றன. பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை, கிழங்கு, வெங்காயம் தொடுவதில்லை என்ற கட்டுப்பாட்டை அவர்களில் பலர் இன்றும் காக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதை வெறும் வழக்கமாகத்தான் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் தீங்கு வரக்கூடாது என்ற எண்ணம் அதன் பின்னால் இருப்பதை யாராவது சொன்னால்தானே தெரியும்?

இந்து சமயம் என்ற கட்டத்துக்குள்ளும் ஒரே குரல் இல்லை. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலான சுகவனேஸ்வரர் சன்னதியில் கைகூப்பி நிற்கிற இருவரில் ஒருவர் அத்வைதியாக இருந்தால், ஜீவனும் பிரம்மமும், அதாவது உயிரும் பரம்பொருளும், வேறல்ல என்பார். சைவ சித்தாந்தியோ பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் என்றும் உள்ளவை என்பார். ஆணவ மலம் என்ற, உயிரை மறைக்கும் அழுக்கு நீங்கி இறைவனோடு கலந்த பிறகும் உயிர் உயிராகவே இருக்கும் என்பார்.

சரி, எந்தக் கட்டத்திலும் இடம் கிடைக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏற்காட்டுக்கு மேலே சேர்வராயன் கோயில் இருக்கிறது. குகை போன்ற சிறிய இடம், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கே இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்களிலிருந்து மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல) திரண்டு வருகிறார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. இந்த வழிபாட்டுக்குப் புனித நூல் கிடையாது, இத்தனை கட்டளை, இத்தனை உண்மை என்ற பட்டியலும் கிடையாது. சாமியின் பெயரும் மலையின் பெயரும் ஒன்றே. அந்த மலையும் சாமியும் ஊரும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கும் விதமே அதன் போதனை என்று எனக்குப் படுகிறது. இதை "நாட்டார் நம்பிக்கை" என்று ஒரு வரியில் தள்ளிவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. என் வகுப்பில் மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சாமி பாடத்தில் இல்லாத சாமியாகவே இருக்க வேண்டுமா?

இறைவன் ஒருவனே என்ற இஸ்லாத்தின் ஏகத்துவத்தையும், ஜகாத் என்ற கட்டாய தர்மத்தையும் நன்றாக எழுதியிருந்தீர்கள். சீக்கியம் பற்றிய கட்டத்தில், எல்லோருக்கும் இலவசமாக உணவளிக்கும் லங்கர் இருந்தது, மகிழ்ச்சி. சீக்கிய குருமார் அல்லாத கபீர், நாமதேவர், ரவிதாஸ், ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பில் இடம்பெற்றிருக்கின்றன என்பதையும் சேர்த்திருக்கலாம்.

பகுதி தொடரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த இதழ்களில் கட்டங்களை எடுத்துவிடுங்கள். ஆன்மா உண்டா, கடவுள் வரம் தருவாரா, மனிதன் தன் முயற்சியால் மட்டும் விடுதலை பெற முடியுமா என்று ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சமயமும் அதற்கு என்ன பதில் சொல்கிறது என்று எழுதுங்கள். அதில் சேர்வராயன் மலைக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். மலைக்கிராமத்துப் பெரியவர்களிடமே நேரில் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியை ஒருவர்,
அம்மாப்பேட்டை, சேலம்.