பெட்ரோப்ராஸ் கணக்கு என்ன ஆச்சு, லூலா அவர்களே?

பிரேசில் அதிபர் லூலா அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் நாட்டுக்காரன் இல்லை, உங்கள் எதிர்க்கட்சி ஆளும் இல்லை. ஊழல் வழக்கில் உங்களை 580 நாள் குரிச்சிபா நகரில் அடைத்து வைத்தது அநியாயம் என்று பேசிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவன். தண்டனை கொடுத்த நீதிபதி செர்ஜியோ மோரோ, 2018 தேர்தல் முடிந்த சூட்டோடு சூடாக, அதில் ஜெயித்த போல்சொனாரோவின் நீதி அமைச்சராகச் சம்மதித்தாரே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? 2021இல் உச்ச நீதிமன்றமே அவர் பாரபட்சமாக நடந்துகொண்டார் என்று சொல்லிவிட்டது. சரி, உங்கள் கணக்கு நேராகிவிட்டது. உங்கள் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸின் கணக்கு?

2014இல் பிரேசிலியாவில் ஒரு பெட்ரோல் பங்கில் நடந்த கள்ளப் பணமாற்றைத் துருவப்போய்த்தான் எல்லாம் வெளியே வந்தது. கள்ளப் பணம் மாற்றும் அல்பெர்ட்டோ யூசெஃப், பெட்ரோப்ராஸின் முன்னாள் இயக்குநர் பாவ்லோ ராபர்ட்டோ கோஸ்டாவுக்கு ஒரு ரேஞ்ச் ரோவர் கார் வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த ஒரு காரைப் பிடித்து இழுத்ததில் கோஸ்டா வாயைத் திறந்தார்: கட்டுமான நிறுவனங்கள் கூடிப் பேசி டெண்டர்களைப் பங்கு போட்டுக்கொள்ளும், ஒப்பந்தத் தொகையில் 3 சதவீதம் வரை கட்சிகளுக்குப் போகும், அதில் உங்கள் தொழிலாளர் கட்சியும் உண்டு. (கமிஷன் என்றால் எங்கள் ஊரிலும் யாருக்கும் அகராதி தேவைப்படாது.) பெத்ரோ பருஸ்கோ என்ற மேலாளர் ஒருவர் மட்டும் கிட்டத்தட்ட 10 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். வாங்காத லஞ்சத்தை யாராவது திருப்பித் தருவார்களா? ஊழலில் போனது என்று பிரேசில் பணத்தில் 620 கோடி ரெயாலைப் பெட்ரோப்ராஸே தன் 2014ஆம் ஆண்டுக் கணக்கில் நஷ்டமாக எழுதியது. மோரோ எழுதிய தீர்ப்பு ரத்தானதால் அந்தப் பணம் திரும்பி வந்துவிடவில்லை.

அப்புறம் 2016இல் ஒரு நல்ல சட்டம் வந்தது. கட்சிப் பொறுப்பில் இருந்தவர்கள் 36 மாதம் கழித்துத்தான் அரசு நிறுவனங்களின் இயக்குநர் நாற்காலிக்கு வரலாம். நீங்கள் மறுபடி பதவியேற்ற 2023இல், உச்ச நீதிமன்ற நீதிபதி லெவாண்டோவ்ஸ்கி அந்த விதியை நிறுத்தி வைத்தார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆனால் இடையில் நடந்த நியமனங்களை விட்டுவிட்டது. நீதிபதி ஓய்வு பெற்று, 2024இல் உங்கள் நீதி அமைச்சரும் ஆனார். உள்நோக்கம் எதுவும் இல்லாமலே இருக்கட்டும். ஆனால் மோரோவைத் திட்டிய எங்களைப் போன்றவர்கள் இதற்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

2024 ஜனவரியில் நீங்கள் பிறந்த பெர்னம்புகோ மாநிலத்துக்கே போய், அப்ரேயு இ லிமா சுத்திகரிப்பு ஆலையின் வேலையை மறுபடி தொடங்கி வைத்தீர்கள். சுமார் 250 கோடி டாலரில் முடியும் என்று தொடங்கி, 1800 கோடியைத் தாண்டியும் பாதியில் நின்ற அதே ஆலை. அந்த மேடையில் பழைய வழக்கெல்லாம் அமெரிக்க நீதித்துறையோடு சேர்ந்து செய்த சதி என்று பேசினீர்கள். அந்தச் செலவு ஏன் ஏழு மடங்கானது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அந்த ஆலையின் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும், நடுவில் தொகை கூட்டப்பட்டால் எவ்வளவு, யார் கேட்டு, யார் கையெழுத்துப் போட்டுக் கூட்டினார்கள் என்பதையும் மாதாமாதம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடச் சொல்லுங்கள். பழைய பில்களிலிருந்தே ஆரம்பிக்கட்டும்.