சாம்பியன்கள் பட்டியல் 2011-இல் தொடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்து மகளிர் கால்பந்தின் வளர்ச்சி குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். 2022-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டியைக் காண வெம்ப்ளி அரங்கில் 87,192 பேர் திரண்டதை நினைவூட்டியிருந்தது நன்று. ஆனால் ஓரத்தில் கட்டம் கட்டி, ‘இங்கிலாந்தின் மகளிர் சாம்பியன்கள்’ என்ற தலைப்பில் வெளியிட்ட பட்டியல், இன்று அங்கே முதல் அடுக்கு லீக்கான மகளிர் சூப்பர் லீக் பிறந்த 2011-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகால தேசிய லீக் அதில் இல்லை. ஆகவே டான்காஸ்டர் பெல்ஸ் அணியும் இல்லை. இன்று கீழ்ப் பிரிவில் ஆடும் அணிதானே என்று விட்டுவிடக்கூடிய பெயரன்று அது.

தெற்கு யார்க்‌ஷயரில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ரயில்வே பணிமனைக்கும் பெயர்போன ஊர் டான்காஸ்டர். அவ்வூரின் ஆண்கள் அணியான ரோவர்ஸ், பெல் வியூ மைதானத்தில் ஆடும் நாட்களில், பார்வையாளர்களிடையே பரிசுச்சீட்டு விற்றுக்கொண்டிருந்த பெண்கள் சிலர் 1969-இல் தங்களுக்கென ஓர் அணியை அமைத்தார்கள். ஷீலா ஸ்டாக்ஸ் அவர்களில் ஒருவர். அணிக்கு அந்த மைதானத்தின் பெயரையே சேர்த்து ‘பெல் வியூ பெல்ஸ்’ என்று வைத்தார்கள்; அதுவே பின்னர் டான்காஸ்டர் பெல்ஸ் ஆனது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தன்னோடு இணைந்த கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) 1921 டிசம்பரில் விதித்த தடை அப்போதும் நீங்கியிருக்கவில்லை. சீட்டு விற்க உள்ளே விட்ட மைதானம், பந்தோடு வந்தால் அவர்களுக்குக் கிடையாது. ஐம்பதாண்டு பழமையான அந்தத் தடை 1970-களின் தொடக்கத்தில்தான் விலக்கப்பட்டது.

அதன்பின் இந்த அணி செய்ததைக் கேளுங்கள். இன்று மகளிர் எஃப்.ஏ. கோப்பை என்று நாம் அறியும் போட்டியில், 1983 முதல் 1994 வரையிலான பன்னிரண்டு இறுதிப்போட்டிகளில் பதினொன்றில் பெல்ஸ் ஆடியது. 1989 ஒன்றுதான் தவறியது. அவற்றில் ஆறு முறை கோப்பை டான்காஸ்டருக்கு வந்தது. தோற்றவற்றிலும் 1986-இல் நார்விச் அணியிடம் 4-3 என்று தோற்றது போன்ற ஆட்டங்கள் உண்டு. யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு வேலைநிறுத்தத்தில் இறங்கிய 1984-இலும், அது முடிந்த 1985-இலும்கூட இந்த அணி இறுதிப்போட்டியில் நின்றது. 1991-92 பருவத்தில் தேசிய அளவிலான லீக் முதன்முதலாகத் தொடங்கியபோது, பெல்ஸ் ஆடிய 14 ஆட்டங்களிலும் வென்று பட்டத்தைப் பெற்றது. ஒரு டிரா கூடக் கிடையாது. அடுத்த பருவத்தில் ஆர்சனல் முந்திக்கொள்ள, 1994-இல் பட்டம் மீண்டும் பெல்ஸிடம் திரும்பியது. இங்கிலாந்துக்காக 100 ஆட்டங்கள் ஆடிய முதல் பெண்ணான ஜில்லியன் கூல்டார்டும், கோல் அடிப்பதில் பேரெடுத்த கேரன் வாக்கரும் இந்த அணியில் வளர்ந்தவர்களே.

இத்தகைய அணி கீழே போனது எப்படி? ஆட்டத்தில் தளர்ந்தது ஒரு காரணம்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் 2013-இல் நடந்தது வேறு. ஆட்டப் பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. புள்ளிப் பட்டியல் உருப்பெறுவதற்குள், அடுத்த ஆண்டு பெல்ஸ் இரண்டாம் அடுக்குக்கு இறக்கப்படும் என்றும், கீழ் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த மான்செஸ்டர் சிட்டிக்கு முதல் அடுக்கில் இடம் என்றும் கால்பந்துச் சங்கம் அறிவித்துவிட்டது. நிதி வளம், வசதிகள் முதலியவற்றை வைத்து எடுத்த முடிவு என்றார்கள்; மேல்முறையீடும் பலிக்கவில்லை. அந்தப் பருவத்தைப் பெல்ஸ் கடைசி இடத்தில் முடித்தது உண்மை. ஆயினும் தேர்வு எழுதத் தொடங்கியவரிடம் ‘நீ தோல்வி’ என்று முதல் நாளே சொல்லிவிட்டு, பிறகு மதிப்பெண்ணைக் காட்டி நியாயம் பேசுவது முறையாகாது. முதல் அடுக்கில் 22 ஆண்டுகள் இடைவிடாமல் ஆடிய அணி அது.

பணபலத்தை அளவுகோலாக்கிய முடிவுகள் நிலைத்தனவா என்றால் அதுவும் முழுமையாக இல்லை. 2002 கோப்பை இறுதிப்போட்டியில் பெல்ஸை 2-1 என்று வென்ற ஃபுல்ஹாம், முழுநேரத் தொழில்முறை அணியாகப் பெருமை பேசப்பட்டது. மறு ஆண்டே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. 2014-இல் முதல் அடுக்கில் புதிய பெயரோடு களமிறங்கிய நாட்ஸ் கவுன்டி மகளிர் அணி, 2017-இல் பருவம் தொடங்கவிருந்த நேரத்தில் மூடப்பட்டது. பெல்ஸோ 2015-இல் களத்திலேயே தகுதி பெற்று மேலேறி, ஓராண்டில் இறங்கி, 2018-இல் இரண்டாம் அடுக்கில் முதலிடமே பெற்றது. ஆனால் அவ்வாண்டு, மேல் அடுக்குகளில் ஆட அணிகள் பெற வேண்டிய உரிமத்தின் விதிகள் மறுபடியும் மாறின. மூன்றாம் அடுக்கில் ஆடிய வெஸ்ட் ஹாம் ஒரே தாவலில் முதல் அடுக்குக்குப் போனது. பட்டம் வென்ற பெல்ஸ் செலவைத் தாங்க இயலாமல் இரண்டாம் அடுக்கிலிருந்தும் விலகிக் கீழே சென்றது.

பெரிய கழகங்களின் பணத்தால் மகளிர் ஆட்டத்துக்கு வந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. முழுநேர ஊதியம் பெறும் வீராங்கனைகள் இன்று இருப்பது மகிழ்ச்சிக்குரியதே. என் வேண்டுகோள் மிகச் சிறியது: தங்கள் நாளிதழ் அந்தப் பட்டியலை அடுத்த முறை வெளியிடும்போது, ஒன்று தலைப்பைச் ‘சூப்பர் லீக் சாம்பியன்கள்’ என்று திருத்துங்கள், இல்லையேல் 1992 முதல் தொடங்கி, முதல் வரியில் டான்காஸ்டர் பெல்ஸ் என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.