தங்கம் உடுத்திய சட்டை

அன்புள்ள முருகேசா,

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பதில் எழுதத் தாமதமானதற்குச் சோம்பல் பாதிக் காரணம், தங்கம் மீதிக் காரணம்.

நகை என்று நினைத்துவிடாதே. பத்து நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவே உள்ள தங்க உருண்டைகள். தண்ணீரில் மிதக்கும்போது மாணிக்கச் சிவப்பு, 1857-இல் ஃபாரடே பார்த்து வியந்த அதே நிறம். ஒன்றையொன்று நெருங்கினால் ஊதாவாகும். ஒட்டிக்கொண்டால் கறுத்து அடியில் தங்கிவிடும், எவ்வளவு குலுக்கினாலும் பழைய சிவப்பு வராது. அதனால் ஒவ்வொன்றுக்கும் பாலிமர் என்ற நீள மூலக்கூறு இழைகளால் சட்டை போட்டுவிடுகிறோம். பாலிஎத்திலீன் கிளைக்கால் இழை, நுனியில் கந்தகம். கந்தகம் தங்கத்தை விடாமல் பற்றிக்கொள்ளும்.

சட்டை வெறும் பாதுகாப்பு என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். பொட்டாசியம் கார்பனேட் உப்பைக் கலந்து பார்த்தபோதுதான் உறைத்தது. உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, இழைகளுக்குத் தண்ணீரோடு ஒட்டுறவு குறைந்துபோகிறது. துகள்கள் நீர்ப்பரப்புக்கு ஏறி ஒற்றை அடுக்காக, ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு பேர் என்ற கணக்கில் அமர்ந்துகொள்கின்றன. எக்ஸ்-கதிரைப் பாய்ச்சிச் சிதறலை அளந்தால் கூரான முகடுகள், வரிசை ஒழுங்காக இருப்பதன் அடையாளம்! இழையை நீளமாக்கினால் துகள்களின் இடைவெளியும் கூடுகிறது. முதல் தடவை அவசரப்பட்டு உப்பை மொத்தமாகக் கொட்டி, வெறும் கட்டிகளைத்தான் கண்டேன். அந்தக் கதையை நேரில் சொல்கிறேன், சிரிக்காமல் கேட்பதாக இருந்தால்.

இனி உனக்குப் பிடித்த கணக்குக்கு, இடத்தை எப்படி நிரப்புவது என்ற கணக்குக்கு வருகிறேன். கெட்டிக் கோளங்களை நெருக்கி அடுக்கினால் இடத்தில் 74 சதவீதம்தான் நிரம்பும், கெப்ளர் சொன்னதுபோல. குட்டை இழை போட்ட துகள்கள் பெரும்பாலும் அந்த அடுக்கையே பிடிக்கின்றன. இழை நீண்டு சட்டை மெத்தென்று ஆனால், அதைவிடத் தளர்வான, கனசதுரத்தின் எட்டு மூலைகளோடு நடுவிலும் ஒரு துகள் உட்காரும் அமைப்புக்கு மாறிவிடுவதுண்டு. நெருக்கம் குறைந்ததை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? சட்டையோடு சட்டை உரசும் பரப்பைக் குறைக்கத்தான் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. அப்படியானால் இது 1887-இல் இயற்பியலாளர் கெல்வின் கேட்ட நுரைக் கேள்வியேதான். சம கனஅளவுள்ள அறைகளாக இடத்தைப் பிரித்தால், மிகக் குறைந்த சுவர் எந்த வடிவத்தில்? அவர் சொன்ன விடையில் அறைகளின் மையங்களும் நடுவில் ஒரு துகள் உட்காரும் இதே அமைப்பில்தான் அமையும். 1993-இல் வேயர், ஃபெலான் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் அதைவிடச் சிக்கனமான ஒன்றைக் காட்டிவிட்டார்கள் என்று நீதானே ஒருநாள் விடிய விடியச் சொன்னாய்? நான் பாதியில் தூங்கிவிட்டேன்.

அந்தக் கணக்கை எழுதிவைத்த நோட்டுப்புத்தகம் இன்னும் உன்னிடம் இருந்தால் அனுப்பு. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட மறக்காதே.

உன்,
சேகர்